எவர்சில்வருக்கு ஏன் சிறு தீ?

அந்தக் காலத்தில் உலோகமும் பேசும், காற்றும் பேசும். பொறுமைதான் யாரிடமும் இல்லை.

செங்கோடனின் வாழை குலை தள்ளிய நேரம் பார்த்து, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் தண்டு தேய்ந்து நின்றது. அவன் கிணற்றில் உப்பும் உண்டு, மணலும் உண்டு. இரும்புத் தண்டு போட்டால் உப்பு அரித்தது. எவர்சில்வர் தண்டின் மேல் குரோமியம் காவல் நின்றதால் துரு அண்டவில்லை. ஆனால் அதன் தோல் மென்மை. மணல் சுரண்டித் தின்றது.

உலைக்காரி அங்காத்தாள் புது எவர்சில்வர் தண்டைத் தட்டி, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்தினாள். உள்ளே தாறுமாறாகக் கிடந்த உலோக மணிகள் சிறுத்து நெருங்கின.

"உள்ளே தேறிவிட்டேன். தோலுக்கு ஏதாவது செய்," என்றது தண்டு.

காற்றில் சும்மா திரிந்த நைட்ரஜனை அழைத்தாள்.

"நான் தோலுக்குள் புகுந்தால் மணல் தோற்கும். ஆனால் சிறு தீயில் கூப்பிடு. சூடு ஏறினால் எனக்குத் தலைகால் புரியாது, குரோமியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன்," என்றது அது.

சிறு தீ வைத்தாள். வாசலில் செங்கோடன் வந்து நின்றான்.

"அக்கா, இன்னும் ஆகலீங்களா? எலையெல்லாம் கருகுதுங்க."

"இப்பத்தான் தம்பி வெச்சிருக்கேன்."

போனான், வந்தான். மறுபடி போனான், வந்தான். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. உலைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு அவன் அழுதும்விட்டான். காற்றூதும் துருத்தியின் கயிற்றைப் பிடித்து இழு இழு என்று இழுத்தாள்.

தீ பொங்கியது. நைட்ரஜன் பாய்ந்து குரோமியத்தைக் கட்டிக்கொண்டது. வெளியே எடுத்த தண்டில் அரம் போட்டால் வழுக்கியது, அவ்வளவு கடினம். அங்காத்தாளும் செங்கோடனும் அசட்டுத்தனமாகக் குதித்துக் கொண்டாடினார்கள். கிணற்றில் மணலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் குரோமியம் கட்டுண்டு கிடக்க, காவலுக்கு ஆள் இல்லையே! துரு உள்ளே நுழைந்து தண்டை முறித்தது. பாதி வாழை மடிந்து விழுந்தது.

"எல்லாம் என்ற அவசரத்தாலதானுங்க அக்கா."

"நானுந்தான் தம்பி. வவுறு எரியுது."

அடுத்த தண்டுக்கு, துருத்திக் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தீ சிறுசாகவே எரிந்தது. இருவரும் உலையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அவள் கை கயிற்றுக்குப் போகும், திரும்பி வரும். கடைசியில் தண்டு பளபளப்பு மங்கி வெளியே வந்தது. அதை மணலும் தொடவில்லை, துருவும் தொடவில்லை. மிச்ச வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது. செங்கோடன் வாய்க்காலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று முதல்தான், எவர்சில்வருக்கு நைட்ரஜன் ஊட்டுகிறவர்கள் வாசலில் யார் வந்து கத்தினாலும் எழுந்து நடப்பார்கள், உட்காருவார்கள், மறுபடி நடப்பார்கள்; தீயை மட்டும் தொடமாட்டார்கள்.