இல்லை என்று சொல்லத் தெரியாத இன்பராயர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதவள நாட்டை விநோதவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் புத்தி ஓர் இடத்தில் நிற்காது. யானைப் பந்தயம் வேண்டும் என்பான். யானைகளைக் குளிப்பாட்டிக் கூட்டி வருவதற்குள் கிளிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிடுவான்.

அவனுடைய நாட்டில் ஏந்தலூர் என்றொரு சின்ன ஊர். அந்த ஊர் ஏரி வாரியத்தில் ஓர் இடம் காலியானது. அதில் உட்காருகிறவர்தான் மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முடிவு செய்வார். வழக்கமாகப் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ராஜாவுக்கு அது சலித்துவிட்டது.

"குடமும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். நிற்கிறவர்கள் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்கட்டும். ஊரார் தமக்குப் பிடித்தவர் பின்னால் ஏரிக்கரையில் வந்து நிற்கட்டும். நானே வந்து பார்க்கிறேன்!" என்று உத்தரவு போட்டான்.

கடைமடையிலிருந்து நல்லநாச்சி நின்றாள். வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் அவளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வயல். கதிர் வாங்கும் நேரம். இன்னும் சில நாளில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர்தான்.

அவளை எதிர்த்து நின்றவர் சாமானியர் இல்லை. அரசவையில் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்காருகிற இன்பராயர்! வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் பாதி வயல் அவருடையது. நல்லநாச்சிமேல் அவருக்குப் பழைய எரிச்சல் ஒன்றும் இருந்தது. போன வருஷம் ராஜா கடைமடை வழியாகப் போனபோது, "இந்தப் பக்கம் மட்டும் ஏன் பயிர் வாடிக் கிடக்கிறது?" என்று கேட்டான். நல்லநாச்சி சொன்னாள்: "தண்ணி இங்க வரத்தான் கெளம்புச்சு, மகாராஜா. வழியில இன்பராயர் வயல்ல விருந்து பலமா இருந்ததால அங்கேயே தங்கிருச்சு."

ராஜா அரண்மனை போய்ச் சேரும்வரை சிரித்தான். ராயரால் அவனை ஒரு தடவைகூட அப்படிச் சிரிக்கவைக்க முடிந்ததில்லை. வயிறு எரியாதா?

ராயர் பல்லக்கில் தெருத் தெருவாக வந்தார். யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும்" என்றார். நல்லநாச்சி நடந்து வந்தாள். கேட்டதற்கெல்லாம், "இப்ப முடியாது, வரிசைப்படிதான்" என்றாள். ஜனங்கள் முகம் சுளித்தார்கள்.

"நாச்சியக்கா, நீயும் வாய்வார்த்தைக்கு ஆகட்டும்னு சொல்லிட்டுப் போயேன். காசா பணமா?" என்றாள் மீன்காரத் தெருப் பெண் ஒருத்தி.

"அப்புறம் செய்யணுமே தாயி! ஆமா, ராயரு உங்களுக்கு என்ன சொன்னாரு?"

"ஏரியை வத்தவச்சு மீனை அள்ளிக்கச் சொன்னாரு."

நல்லநாச்சிக்கு அதுவரை பயம்தான். தோற்றால் கடைமடை முழுக்கப் பட்டினி கிடக்கும். ஆனால் இதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சலவைக்காரத் தெருவில் ராயர் வேறு கதை சொல்லியிருந்தார். அவள் மறுபடியும் ஒரு சுற்று வந்தாள். இந்தத் தடவை ராயருக்காகப் பேசினாள்!

"ராயரு பெரிய மனுஷரு. சொன்ன சொல்லை ராஜா முன்னாலேயே செஞ்சு காட்டுவாரு. சாமான் சட்டோட வந்து கேளுங்க."

குறித்த நாளில் ராஜா ஏரிக்கரைக்கு வந்தான். ஊரே ராயர் பின்னால் நின்றது. நல்லநாச்சி பின்னால் கடைமடை ஆட்கள் மட்டும். ராயர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஆதரவு காட்ட வந்தவர்கள் கையில் வலை எதற்கு?" என்றான் ராஜா.

"ராயரு இன்னைக்கு ஏரியை வத்தவைக்கிறாருங்க!" என்றார்கள் மீன்காரர்கள்.

அழுக்கு மூட்டையோடு நின்ற சலவைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வத்தவைக்கிறதா? வருஷம் முழுக்கத் தளும்பத் தளும்ப வச்சிருப்பேன்னுல்ல எங்ககிட்ட சொன்னாரு!"

"நடு ஏரியில களிமண் வெட்டிக்கச் சொன்னாரே!" என்று குயவர்கள் வண்டியிலிருந்து இறங்கினார்கள்.

ராஜாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "ஆகா! ராயரே, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்யப்போகிறீரா? இதை நான் பார்த்தே ஆகவேண்டும். ம், தொடங்கும்!"

ராயர் மதகுப் பலகையைப் பிடித்துத் தூக்கினார். சலவைக்காரர்கள் கத்தினார்கள். இறக்கினார். மீன்காரர்கள் கத்தினார்கள். பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாருமே கத்தினார்கள். பட்டு அங்கவஸ்திரம் தண்ணீரில் விழுந்து மிதந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நல்லநாச்சி பக்கம் திரும்பினான். "நீ என்ன வாக்குக் கொடுத்தாய்?"

"இப்ப இல்லைன்னு சொன்னேன், மகாராஜா. இருக்கிறது ஒரே ஏரி. உசுருக்கு இழுத்துக்கிட்டிருக்கிற கடைமடைப் பயிருக்கு முதல் தண்ணி. அப்புறம் தலைமடை. மிச்சத் தண்ணியில துணி துவைக்கட்டும். கோடையில வத்தினா மீன் பிடிக்கட்டும், காஞ்சா மண் எடுக்கட்டும். யாருக்கும் இல்லாமப் போகாது. ஆனா காத்திருக்கணும்."

மீன்காரத் தெருப் பெண்தான் முதலில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். பிறகு ஒவ்வொரு தெருவாக முணுமுணுத்தபடி நல்லநாச்சி பின்னால் வந்து நின்றது. ராயர் பின்னால் பல்லக்கு மட்டும் நின்றது.

"பலே! உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"ராயரைக் கொடுங்க."

"என்னது!" என்று அலறினார் ராயர்.

"தண்ணி முறை இல்லாதவங்க வீட்டு வாசல்ல நின்னு, 'இன்னைக்கு உங்களுக்கு இல்லை'ன்னு சொல்ல ஓர் ஆள் வேணும், மகாராஜா. திட்டு வாங்குற வேலை. ராயருக்கு இனிமையான வாய். அவரு சொன்னா ஜனங்க அவ்வளவா கோவிச்சுக்க மாட்டாங்க."

"கொடுத்தேன்! இந்தப் போகம் முடியும்வரை இவர் உன் ஆள்!" என்றான் ராஜா.

அன்றைக்கே மதகு திறந்தது. வெடித்துக் கிடந்த கடைமடை மண்ணில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து நல்லநாச்சி நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். இன்பராயர் ஈர வேட்டியோடு முதல் வாசலில் போய் நின்று தொண்டையைக் கனைத்தார்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தாள். "என்ன, நம்ம வீட்டு வாசல்லயே நின்னு கூப்பிடுறீங்க? நம்ம வயலுக்குத் தண்ணி வருதா?"

ராயர் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். "இல்லை" என்றார்.