இலவங்காய் வாய் திறந்த நாள்

மகளுக்குத் தலையணை தைக்க, இலவம்பஞ்சில் விதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மிளகு மாதிரி கறுப்பு விதை. மூச்சு விட்டாலே பஞ்சு பறக்கிறது. கை ஓயும்போது இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மரமும் விதையும் காற்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மலையடியில் ஓர் இலவமரம் நின்றது. அப்போதெல்லாம் இலவங்காய் வெடிக்காது. பிள்ளைகளுக்கு அடிபடக் கூடாதென்று தாய்மரம் காய்க்குள் பஞ்சுமெத்தை போட்டு, வாயை இறுக்கி மூடி, தன் காலடியிலேயே உதிர்க்கும். அங்கே முளைத்ததெல்லாம் வெளிறிச் செத்துப்போகும். வெயில்தான் கொல்கிறது என்று நினைத்த மரம், கிளையை இன்னும் தாழ்வாகக் கவித்தது. நிழல் கூடியது. பிள்ளை ஒன்றும் தங்கவில்லை.

ஒரு பங்குனி மதியம் மேல்காற்று வந்து கிளையில் சாய்ந்தது.

"என்ன மதினி, புள்ளைகளை மூடி மூடி வச்சிருக்கீக? ஊறுகாயா போடப் போறீக?"

"ஊர் சுத்துறவனுக்குப் புள்ள அருமை எங்க தெரியும்?"

காய்க்குள்ளிருந்து ஒரு விதை கேட்டது: "அம்மா, வெளியில என்ன இருக்கு?"

"ஆறு இருக்கு, ஆடு இருக்கு, அடுப்பு இருக்கு. விழுந்தா தீந்துச்சு."

"உன் காலடியில விழுந்த அக்காமாரெல்லாம் எங்கம்மா?"

மரம் தன் காலடியைக் குனிந்து பார்த்தது.

"எங்க விழணும்னு நானே பாத்துக்கிறேம்மா. தப்பா விழுந்தாலும் நானா விழுந்ததா இருக்கட்டும்."

இன்னொரு விதை சிணுங்கியது: "நான் போகல. எனக்கு இங்கயே சுகமா இருக்கு."

"இரு மகளே," என்றது காற்று. "நான் யாரையும் இழுத்துட்டுப் போறவன் இல்ல. வரேன்னு சொன்னாத்தான் தூக்குவேன்."

மரம் கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரு காயின் வாயை மட்டும் திறந்தது. 'டப்' என்றது. பொத்திவைக்கக் கொடுத்த பஞ்சே இறக்கையாக விரிந்தது. விதை மெல்ல எழும்பி, தூக்கத்தில் நடப்பதுபோல, ஆட்டைத் தாண்டி ஆற்றைத் தாண்டி மறைந்தது. போகமாட்டேன் என்ற விதை காய்க்குள்ளேயே கிடந்தது. மரம் அதை அதட்டவில்லை.

மழைக்காலம் முடிந்து, அடுத்த பங்குனியில் காற்று திரும்பி வந்தது. "மதினி, அக்கரையில ஒரு கன்னு நிக்குது. உங்க சாயல்."

மரம் சிலிர்த்துப்போய் எல்லாக் காய்களின் வாயையும் திறந்துவிட்டது. அன்று முதல்தான் பங்குனி வந்தால் இலவங்காய் தானே வெடிக்கிறது, விதைகள் அதது வழியில் பறக்கின்றன. இருந்துவிட்ட விதைகளைக்கூட மரம்—

"வைரமணி, புள்ள வாசப்படி இறங்குது பாரு!"

மாமியார் கூப்பிடுகிறார். இதோ வந்துட்டேன் அத்தை, தூக்காதீக, அவளாவே இறங்கட்டும்.