சுடலைமுத்து அண்ணாச்சி அமுக்காத கீ

வெள்ளிக்கிழமைன்னா என் கடையில கம்ப்யூட்டருக்கும் பொட்டு உண்டு. மானிட்டர் நெத்தியில ஒண்ணு, கீபோர்டுல ஒண்ணு. அடிக்கிற எழுத்து மேல வச்சா விரலெல்லாம் சந்தனமாயிரும். அதனால ஓரமா, ஒரு வேலைக்கும் ஆகாத கீயாப் பார்த்து வைப்பேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி டைப்பிங் கடை வச்சிருக்கிற இசக்கியம்மா நான்தான். எனக்குப் பொய் வராது. அது நல்லா வர்ற ஆளைப் பத்தித்தான் சொல்லப்போறேன்.

அன்னைக்கும் வெள்ளிக்கிழமை. வேலாயுதம் அண்ணாச்சி மகளோட கல்யாணப் பத்திரிகை. அவரு பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சொந்தக்காரங்க நூத்தி இருபது பேரோட பேரையும் பழைய வேர்டுல முந்தின நாளே அடிச்சு முடிச்சிருந்தேன். காலையில ஃபைலைத் திறந்து வச்சு, பொட்டும் வச்சுட்டு, "பார்த்துக்கோங்க அண்ணாச்சி"ன்னு திருப்பிக் காட்டினா, மனுசன் நெஞ்சுல கையை வச்சுட்டாரு. "யம்மா, என் மச்சினன் பேரை விட்டுட்டேனே."

பொண்ணுக்குத் தாய்மாமன் அவரு. பன்னெண்டு மணிக்கு நேர்லயே வந்து பத்திரிகையைப் பார்க்கப் போறாரு. பேரு இல்லைன்னா சீரும் வராது, ஆளும் வரமாட்டாரு.

நடுவுல சேர்த்துருவோம்னு 'கோ'ன்னு அடிச்சேன். பக்கத்துல இருந்த, பொண்ணோட பெரியப்பா பேர்ல ஒரு எழுத்தைக் காணோம். 'ம'ன்னு அடிச்சேன், இன்னொண்ணு போச்சு. மாமா வர வர பெரியப்பா கரையுறாரு. கல்யாணம் நடக்கப்போற மண்டபமே அந்தப் பெரியப்பாவோடது. பழையபடி ஆக்கி வச்சுட்டு, கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குற சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

பதினோரு மணிக்கு வந்தாரு. கம்ப்யூட்டரைப் பார்க்கல, டீ சொல்லச் சொன்னாரு.

"இந்தக் கீபோர்டுல நூத்திச் சொச்சம் கீ இருக்கே, நீ எத்தனை அமுக்குவ?"

"வேணுங்கிறதை அமுக்குவேன்."

"அதான் உருப்பட மாட்டேங்குறீங்க. யாரும் தொடாத கீயிலதான் விஷயமே இருக்கு. இந்தா, வலது ஓரத்துல பாஸ் பிரேக்னு இருக்கே, என்னன்னு தெரியுமா? ஒரு கல்யாணப் பந்தி. பரிமாறுறவன் கால் இடறி சாம்பார் வாளி கவுந்துருச்சு. வீடியோக்காரன் கம்ப்யூட்டர் பக்கத்துல இருந்துச்சு, இதை ஒரு அமுக்கு அமுக்கினேன். சாம்பார் அந்தரத்துல நின்னுபோச்சு. பந்தியில இருந்தவங்க இலையைத் தூக்கிட்டுப் போய், வேணுங்கிற முருங்கைக்காயை எட்டிப் பறிச்சுக்கிட்டாங்க."

"எந்த மண்டபம்?"ன்னாரு வேலாயுதம் அண்ணாச்சி.

"அதை இடிச்சாச்சு."

டீ வந்துச்சு. ஒரு வாய் குடிச்சுட்டு, அடுத்த கீயில விரலை வச்சாரு.

"இது ஸ்க்ரோல் லாக். ஆத்தங்கரையில ஒரு ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டிருக்கேன். ஜன்னல் வழியாப் பார்த்தா வெள்ளம் பனைமர ஒசரத்துக்கு வருது. அமுக்கினேன். ஆறு அப்படியே நின்னுருச்சு. அதுல அடிச்சுக்கிட்டு வந்த எருமை, எருமை மேல உட்கார்ந்திருந்த கொக்கு, எல்லாம் நிக்குது. சனங்க தண்ணி மேலயே நடந்து அக்கரைக்குப் போய் ரேஷன் வாங்கிட்டு வந்தாங்க. பொறவுதான் விட்டேன். அந்த எருமை இன்னைக்கும் என்னைக் கண்டா முறைக்கும்."

வேலாயுதம் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தாரு. "மணி பதினொன்றரை. என் மச்சினன் சாத்தூர் தாண்டியிருப்பான். அந்தப் பாஸ் கீயை அமுக்கி அவன் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைங்களேன்."

"கவர்மெண்ட் பஸ்ஸுக்குப் பெர்மிஷன் வாங்கணும்"னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு மேல போறாரு. "இதுல சிஸ்ஆர்க்யூன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு பாரு. உலகத்துல மூணு பேருதான் இதை அமுக்கியிருக்கோம். மத்த ரெண்டு பேரும் இப்பப் பேசுறதில்ல. நான் அமுக்கினதும் பூமியோட செட்டிங்ஸே வந்துருச்சு. கடல் எங்க, மலை எங்க, காத்து எந்தப் பக்கம், எல்லாம் இருக்கு. கோவில்பட்டி மழைக்கு நேரா பூஜ்ஜியம் போட்டிருந்துச்சு. மனசு கேக்கல, மாத்திட்டேன். போன ஐப்பசியில ரெண்டு நாள் பெஞ்சதே, யாரு வேலைன்னு நினைச்சீங்க?"

"கஞ்சத்தனமா ரெண்டு நாளு எதுக்கு? இருபதுன்னு அடிக்க வேண்டியதுதானே"ன்னேன்.

"இருபதுதான் அடிச்சேன். ரெண்டு விழுந்துருச்சு, பூஜ்ஜியம் விழறதுக்குள்ள எவனோ நம்பர் லாக்கை அமுக்கிட்டான்."

எனக்குக் கோவம் வந்துருச்சு. "அண்ணாச்சி, மழை கிடக்கட்டும். இங்க பெரியப்பா கரையுறாரு, அதைப் பாருங்க."

ஒரு நிமிசம் பார்த்தாரு. "வைரஸ். பேரைத் தின்கிற ஜாதி. ஃபார்மட் அடிச்சிருவோம்"னு பையில இருந்து சிடியை எடுத்தாரு.

"அப்ப இந்த நூத்தி இருபது பேரு?"

"அதுவும் சேர்ந்துதான் போகும். புதுசா அடிச்சுக்க."

மாமன் வர இன்னும் இருபது நிமிசம். வேலாயுதம் அண்ணாச்சி மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. அவரு சிடியைப் பார்த்தாரு, கீபோர்டைப் பார்த்தாரு.

"கொஞ்சம் இருங்க. எல்லாக் கீயும் சொன்னீங்க. இந்தச் சந்தனத்துக்கு அடியில இருக்கிறது என்ன?"

சுடலைமுத்து அண்ணாச்சி நகத்தால லேசாச் சுரண்டிப் பார்த்தாரு. "இன்சர்ட்டு. இது ஒண்ணுதான் சும்மா அழகுக்கு வச்சது. நானே இதுவரைக்கும் அமுக்கினதில்ல. வேணும்னா நீங்களே அமுக்கிப் பாருங்க."

வேலாயுதம் அண்ணாச்சி ஹாரன் அமுக்குற மாதிரி கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்கினாரு.

சும்மா ஒரு 'அ' அடிச்சுப் பார்த்தேன். பெரியப்பா கரையல. இன்னொரு 'அ' அடிச்சேன். மனுசன் முழுசா, மரியாதையா நகர்ந்து இடம் விட்டாரு. அந்தக் கீயை ஒரு தடவை அமுக்கினா புது எழுத்து பழசைத் தின்னுது, இன்னொரு தடவை அமுக்கினா தள்ளி உட்காருது. காலையில பொட்டு வைக்கிறேன்னு அந்தக் கீயை அமுக்கினது நான்தான்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அதை வெளியில சொல்லாம ரெண்டு 'அ'வையும் அழிச்சேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி சிடியைப் பையில போட்டாரு. "பார்த்தீங்களா, நான் அமுக்கச் சொன்ன கீதான் கல்யாணத்தைக் காப்பாத்துச்சு. என் பேரையும் பத்திரிகையில போட்டிருங்க. தாய்மாமன் பேருக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்."

நான் வேலாயுதம் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"போடும்மா"ன்னாரு. "முதல்ல அண்ணாச்சி பேரை அடி. பொறவு அந்தச் சந்தனத்தை ஒரு அமுக்கு அமுக்கிட்டு, அவரு பேருக்கு முன்னாடி இருந்து என் மச்சினன் பேரை அடி. கோமதிநாயகம் நீளமான பேரு, மிச்சம் வைக்காது."