கட்சிக்காரர் பேச்சு

மூன்று முறை நாடாளுமன்றத்துக்குப் போன சுடலைமணிக்கு ஒரு வழக்கம். மண்டையைக் குடையும் விஷயம் ஏதாவது வந்தால், தூத்துக்குடியில் தனக்கு வக்கீல் தொழிலைக் கற்றுக்கொடுத்த சீனியர் அருளானந்தத்தின் எதிரில் போய் உட்கார்ந்துவிடுவார். சிஷ்யருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு எண்பத்தெட்டு. குருவுக்குக் காது மந்தம், அதுவும் தேவைப்பட்டபோது மட்டும்.

இந்த முறை வந்த விஷயம் பெரியது. கடலோர உப்பளங்களைக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட ஒரு மசோதா. வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. ஆதரித்தே ஆகவேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவு போட்டுவிட்டார். மீறினால் பதவி போகும். ஆதரித்தால் அவர் தொகுதியில் மட்டும் எண்ணூறு குடும்பங்களின் பிழைப்பு போகும்.

அந்தக் குடும்பங்கள் சுடலைமணிக்கு அந்நியமில்லை. கறுப்பு அங்கி மாட்டிய முதல் வருஷம், குத்தகை வழக்கில் அவர்களுக்காகத்தான் வாதாடினார். தீர்ப்பு வந்த அன்று, உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களோடு நின்ற பெண்கள் கோர்ட்டு வாசலிலேயே குலவை போட, டவாலிச் சேவகன் ஓடிவந்து அதட்டினான். சீனியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் பிறகு டெல்லியில் ஒருநாளும் வாய்க்கவில்லை.

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அருளானந்தம் கண்ணை மூடிக் கேட்டார். அந்தக் குத்தகை வழக்கில் யார் நீதிபதி என்று விசாரித்தார். பெயரைச் சொன்னதும், தங்கமான மனுஷன், வெற்றிலை போடாமல் பெஞ்சில் ஏறமாட்டார் என்றார். சுடலைமணிக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மனசு ஒரு பக்கம் இழுக்கு. கட்சிக்காரங்க பேச்சை மீற முடியுமா?"

"மீறக் கூடாதுடே. கட்சிக்காரங்க பேச்சை மீறினா அப்புறம் நீ என்ன வக்கீலு?"

சுடலைமணிக்கு அப்பாடா என்றிருந்தது. பெரியவரே சொல்லிவிட்டார், இனி யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அருளானந்தம் கண்ணைத் திறந்தார்.

"உப்பளத்துக்குப் போய்க் கேட்டியாடே? என்ன சொல்லுதாங்க?"