பிக்சல் வீட்டுத் துக்கம்

உளுந்தம்பட்டி பட்டன் கம்பெனியில் மூளைக்குப் பஞ்சம் உண்டே தவிர மரியாதைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. சூப்பர்வைசர் அரவாழியைப் பார்த்தாலே அது தெரியும். வெள்ளைச் சட்டைப் பட்டனில் கீறல் இருந்தால் கண்டுபிடித்துத் தள்ளிவிட முதலாளி ஒரு கேமரா வாங்கி மாட்டியிருந்தார். அதன் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் சென்சார் என்று ஒரு சில்லு. வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்லும் பொடிப் புள்ளிகளுக்குப் பெயர் பிக்சல் என்றும், சில்லுக்குள் பத்து கோடிப் பிக்சல்கள் குடியிருக்கின்றன என்றும் இன்ஜினியர் விளக்கியிருந்தார். அன்றிலிருந்து அரவாழி கேமராவைக் கடக்கும்போதெல்லாம் வணக்கம் வைப்பான்.

ஒருநாள் காலை கேமரா எல்லாப் பட்டனையும் தள்ளிவிட்டது. எதைப் படம் பிடித்தாலும் அதே இடத்தில் ஒரு கரும்புள்ளி. "சாயங்காலம் லாரி கெளம்பலேன்னா நாளையிலேர்ந்து நீ வாட்ச்மேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அரவாழி உடனே இன்ஜினியருக்குப் போன் போட்டான்.

"ஒரு பிக்சல் செத்துப்போச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

அரவாழி செருப்பைக் கழற்றினான். "ஐயோ! எப்ப சார் எடுக்கறது?"

"நான் வர்ற வரைக்கும் எதையும் எடுக்காதீங்க."

நெருங்கின சொந்தம் போலிருக்கிறது என்று அரவாழி புரிந்துகொண்டான்.

மிஷினை நிறுத்தினார்கள். வாசலில் சாமியானா போட்டார்கள். லென்ஸுக்கு மாலை சாத்திவிட்டு, பேக்கிங் இடும்பனும் எண்ணெய் போடும் சடகோபனும் அரவாழியோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"சாவு வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்களேண்ணே" என்றான் இடும்பன்.

"பக்கத்து வீட்டுலேர்ந்துதான் சோறு குடுத்து விடணும். பக்கத்துல யாரு?" என்றான் அரவாழி.

"கம்ப்ரஸர்."

"அதுக்குச் சமைக்கத் தெரியாதே" என்று அரவாழி வருத்தப்பட்டான்.

"கொள்ளி யாருண்ணே வைக்கறது?" என்றான் சடகோபன்.

யோசித்தார்கள். பிக்சலைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் முதலாளி. அப்படியானால் தகப்பன் அவர்தான். அவருக்கு எந்த வாயால் சொல்வது என்று மூவரும் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் முதலாளி லாரியோடு வந்து இறங்கினார். "மனசைத் தேத்திக்குங்க மொதலாளி" என்று அரவாழி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் இன்ஜினியரும் வந்துவிட்டார். மாலையை விலக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்.

"பக்கத்துப் பிக்சலுங்களை வச்சு நிரப்பிட்டேன். புள்ளியை எடுத்தாச்சு, பாருங்க."

படம் சுத்தமாக இருந்தது. அரவாழி மார்பில் அடித்துக்கொண்டான். "கடைசியா ஒரு தடவை மொகத்தைப் பாக்க விடாம எடுத்துட்டீங்களே சார்!" அந்த அழுகையில் துளிக்கூடப் பொய் இல்லை.

முதலாளி கத்தினார். "வாயை மூடுடா! எனக்குக் காரியம் நடக்கணும், இன்னிக்கே! லாரி இப்பவே கெளம்பணும்!"

அரவாழி கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களிடம் தணிந்த குரலில் சொன்னான்: "பதினாறு நாள் காத்திருக்க வேணாமாம். காரியத்தை இன்னிக்கே வச்சுட்டாரு."

லாரி பட்டன் ஏற்றாமலே வாழைத்தோப்புப் பக்கம் உடனே கிளம்பிவிட்டது. வேலை தப்பிய நிம்மதியோடு அரவாழி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். காரியச் சாப்பாட்டுக்குப் பத்து கோடிப் பேருக்கும் வாழையிலை ஒரே நடையில் ஏறுமா என்பது ஒன்றுதான் அவனுக்குக் கவலை.