பச்சைத்தண்ணீரில் கலந்த கதவு

"மேஸ்திரி, என் பேரை எப்போ எழுதலாம்?"

அன்செல்மோ இதைக் கேட்டபோது அவர் கையில் ஒரு துடைப்பம் இருந்தது. காலடியில் நாடக மேடை அகலத்துக்குப் பாதி வரைந்த ஒரு துணி விரித்துக் கிடந்தது. துணியின் நடுவில் வெறுங்காலோடு நின்ற ஒடீலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கேட்கிறபோது எழுதும்," என்றாள்.

"யார் கேட்கிறபோது?"

"மேகம் காய்ஞ்சிட்டு வருது. முதல்ல அதைப் பாரும், ஓய்."

அவளோடு இதுதான் தொல்லை. ஒன்று கேட்டால் அரைப் பதில் வரும், மீதிக்கு வேலை வரும்.

பிரேசில் தேசத்தில் ரெசிஃபே என்று ஒரு கடற்கரை ஊர். ஒடீலா அந்த ஊர்ச் சலவைக்காரி ஒருத்தியின் மகள். திருவிழா வண்டிகளுக்குச் சாயம் பூசிப் பிழைப்பைத் தொடங்கியவள், அப்புறம் ஓவியம் வரைந்தாள். கரும்பு வெட்டுகிற ஆட்களை வரைந்தாள்.

குனிந்து வெட்டுகிற மாதிரி வரைந்திருந்தால் பணக்காரர்கள் வாங்கிக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள். அவள் வரைந்த ஆட்களோ அரிவாளும் கையுமாக நிமிர்ந்து நின்று, பார்க்கிறவன் கண்ணையே பார்த்தார்கள்.

அப்போது நாட்டில் பட்டாளத்து ஆட்சி. பட்டாளத்தான் சும்மா விடுவானா? படங்களைக் கொளுத்தினான். அவளைச் சிறையில் போட்டான்.

வெளியே வந்தபோது எந்தக் கண்காட்சிக் கூடமும் அவளைச் சேர்க்கவில்லை. "போங்கடா," என்று நாடகக் கொட்டகைக்கு வந்து, மேடைக்குப் பின்னால் தொங்குகிற படுதா வரைய ஆரம்பித்துவிட்டாள். இங்கே ஊரே காசு கொடுத்து உட்கார்ந்து பார்க்கிறதே, அப்புறம் என்ன என்பாள்.

கொட்டகையில் எல்லாரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஊர்ப் பேச்சிலும் ஏறக்குறைய இதே சொல்தான்.

அன்செல்மோ அவளைவிட வயதில் மூத்தவர். பாதி ஆயுளை அரசாங்கக் கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டே கழித்தவர். இவர் வரைவார், இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். பாலம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஒரு கல்லில்கூட இவர் பேர் இல்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். தலையாட்டித் தலையாட்டியே தலை நரைத்துப்போச்சு. கடைசியில் ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டு ஒடீலாவிடம் வந்து சேர்ந்தார்.

வந்த இடத்திலும் படுதாவில் யாரும் பேர் எழுதுவதில்லை. அது நாடகக்காரர்கள் வழக்கம். மனுஷனுக்கு எப்படி இருக்கும்!

படுதா வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயப்பொடியைச் சுடச்சுட வஜ்ஜிரப் பசையில் கலக்க வேண்டும். வஜ்ஜிரம் என்றால் மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை, நாற்றம் குடலைப் பிடுங்கும். கலந்ததைத் துடைப்பத்தால் தொட்டு, துணிமேல் நடந்து நடந்து வரைய வேண்டும்.

வந்த புதிதில் அன்செல்மோ பசை ஊற்ற மறந்துவிட்டார். வெறும் தண்ணீரில் கலந்த நீலத்தை வானம் முழுக்கப் பூசிவிட்டார். ஈரமாக இருந்தவரை அழகாகத்தான் இருந்தது. காய்ந்து, மேலே ஏற்றி, ஒத்திகையில் நடிகை ஜசீரா தோள் இடித்தாளோ இல்லையோ, வானம் பொலபொலவென்று அவள் தலையில் கொட்டிவிட்டது.

கொட்டகையே உருண்டு புரண்டு சிரித்தது. அன்செல்மோவுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒடீலா மட்டும் சிரிக்கவில்லை. கீழே கிடந்த நீலப்பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா ஞாபகம் வெச்சுக்கும்," என்றாள்.

"இனிமே மறக்கமாட்டேன், மேஸ்திரி."

"அதைத்தான் சொல்றேன்."

இப்போது வரைகிற படுதா ஒரு புது நாடகத்துக்கு. பட்டாளத்தான் பிடித்துக்கொண்டு போன மகனுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. தாய் வேஷம் ஜசீராவுக்கு. படுதாவில் மேகம் போட்ட வானம், அதன் கீழே ஒரு வீட்டுச் சுவர், அதில் ஒரு கதவு. கதவு விரியத் திறந்திருக்கும். அதற்கு அப்பால் மஞ்சள் வெயிலில் ஒரு சாலை போகும். மகன் வந்தால் தட்டவேண்டிய அவசியம் இருக்கக் கூடாது என்று ஒடீலா அப்படி வரைந்தாள்.

முதல் ஆட்டத்தன்று காலையில் தணிக்கை அதிகாரி வந்தான்.

படுதா தரையில் கிடந்தது. கதவு முன்னால் வரைந்த வாசல்மண் மட்டும் இன்னும் காயவில்லை. அதிகாரி பூட்ஸோடு துணிமேல் ஏறினான்.

"கழற்றிட்டு ஏறுங்க," என்றாள் ஒடீலா.

அவன் காதில் விழாதது போல நடந்தான். கதவு வரைக்கும் போய் நின்றான். அவன் பின்னால் பூட்ஸ் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

"இது ஏன் திறந்திருக்கு?"

"மகன் வருவான்னு."

"வரமாட்டான். மூடு."

"மாட்டேன்."

"மூடாட்டி ஆட்டம் கிடையாது. நீயும் பழைய இடத்துக்கே போய்ச் சேருவே."

"போய்ப் பார்த்த இடம்தானே. வழி தெரியும்."

ஜசீராவின் முகம் வெளுத்துவிட்டது. மாதக்கணக்காக ஒத்திகை பார்த்த நாடகம். வெளியே அறிவிப்புப் பலகைகூட மாட்டியாச்சு.

"நான் மூடுறேன் ஐயா," என்றார் அன்செல்மோ.

ஒடீலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். சிறைக்குப் போனபோதுகூட அவள் முகம் அப்படி இருந்திருக்காது.

"இங்கேயும் தலையாட்டிட்டீரா?"

அன்செல்மோ மூலையில் அடுப்பருகே போய் வாளியில் பழுப்புச் சாயப்பொடியைக் கொட்டினார். அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை எடுக்கக் கையை நீட்டினார். கை நின்றது. பிறகு பக்கத்தில் இருந்த பச்சைத்தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வாளியில் சாய்த்தார்.

மஞ்சள் சாலையின்மேல் பழுப்புப் பலகைகள் ஒவ்வொன்றாக ஏறின. சாலை போச்சு, வெயில் போச்சு. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளைக்கூட விடாமல் வரைந்தார்.

அதிகாரி குனிந்து விரலால் தொட்டான். விரலில் பழுப்பு ஒட்டியது.

"ஈரம், ஐயா," என்றார் அன்செல்மோ. "பூட்ஸ் தடத்தையும் அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்!" என்று ஒடீலா கத்தினாள். "அது கிடக்கட்டும். இந்தக் கதைக்கு அது வேணும்."

அதிகாரிக்கு அது புரியவில்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, மாலையில் முன்வரிசையில் தனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, காய்ந்த சுவர்ப்பக்கமாக நடந்து இறங்கிப் போனான்.

பசைப்பானையை இறக்கி வைக்க அடுப்புக்குப் போன ஒடீலா இறக்காமல் அங்கேயே நின்றுவிட்டாள். கரண்டி சுத்தமாக இருந்தது. அதையே பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள், அன்செல்மோவைப் பார்த்தாள்.

படுதாவை மேலே ஏற்ற ஆட்கள் கயிற்றைப் பிடித்தபோது ஓடிவந்து தடுத்தாள்.

"தள்ளுங்கடா. நான் ஏற்றுறேன்."

தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி, ஆடாமல் அசையாமல் தானே ஏற்றினாள். நெற்றியில் வியர்வை ஊற்றியது, ஒருத்தரையும் கிட்டே விடவில்லை.

அன்செல்மோ ஜசீராவிடம் போனார்.

"கடைசிக் காட்சியில அந்தக் கதவைத் தட்டும்மா."

"அது துணிதானே, மாமா? தட்டினா சத்தமா வரும்?"

"ரெண்டு கையாலயும் தட்டு. பலமா."

மாலையில் கொட்டகை நிரம்பி வழிந்தது. திரை விலகியதும் சனங்கள் பூட்ஸ் தடத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். கதவு வரைக்கும் போய்த் திரும்பாத தடம். குசுகுசுவென்று பேச்சு எழுந்து அடங்கியது. கொட்டகையில் இருந்த எத்தனையோ தாய்மாருக்கு அந்தத் தடம் தெரிந்த தடம்.

கடைசிக் காட்சி வந்தது. ஜசீரா மூடிய கதவு முன்னால் போய் நின்றாள்.

"என் பிள்ளைக்கு யார்டா கதவைச் சாத்தினது?"

இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள்.

பழுப்பு உதிர்ந்தது. மறுபடி அடித்தாள். தாழ்ப்பாள் உதிர்ந்தது. பலகை பலகையாகப் பொடி அவள் தலையில், தோளில், கண்ணில் எல்லாம் கொட்டியது. அவள் நிறுத்தவே இல்லை. பொடி அடங்கியபோது கதவு விரியத் திறந்திருந்தது. அப்பால் மஞ்சள் வெயிலில் சாலை கிடந்தது.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து தன் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்கப் பேர்களாக இருந்தது.

அதிகாரி மேடைமேல் பாய்ந்து ஏறினான்.

"விளக்கைப் போடு! யார் வேலை இது? யார்?"

ஒடீலா மறைவிலிருந்து வெளியே வந்தாள். "என்..." என்று வாயைத் திறந்தாள்.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது. அன்செல்மோ அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"கேட்டுட்டான், மேஸ்திரி," என்றார்.

அதிகாரியைத் தாண்டி அடுப்பு மூலைக்குப் போனார். காலையிலிருந்து அடுப்பிலேயே விட்ட பானையில் பசை இன்னும் சூடு ஆறவில்லை. வாளியில் கறுப்புச் சாயப்பொடியைக் கொட்டினார். ஒரு கரண்டி பசை ஊற்றினார். யோசித்துப் பார்த்து இன்னொரு கரண்டி ஊற்றினார். நன்றாகக் கலக்கினார்.

அப்புறம் தூரிகையை எடுத்துக்கொண்டு படுதாவின் கீழ்மூலையில், பூட்ஸ் தடத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்தார்.

"கடைசி வரிசைக்குத் தெரியணும், ஓய்," என்றாள் ஒடீலா. "பெரிசா எழுதும்."