வெள்ளையம்மா மாட்டை ஓட்டிட்டுப் போன தண்டோரா

முன்னொரு காலத்துல மருதவளநாட்டை வீரகண்டன்னு ஒரு ராஜா ஆண்டாரு. காலையில ஒரு புத்தி, மதியம் ஒரு புத்தி. அவரு தலையாட்டுற பக்கமெல்லாம் தானும் ஆட்டியே பொழைச்ச ஆளு, பொக்கிஷ அதிகாரி அம்பலவாணர்.

இவரு ஊருக்கெல்லாம் செப்பு வில்லை கொடுத்தாரு. கடையில அதைக் காட்டி சாமான் வாங்கிக்கலாம், காசை மாசக் கடைசியில கட்டலாம். என்ன நல்ல மனசுன்னு ஜனங்க கும்பிட்டாங்க. நெனச்சா இப்பவும் வயிறு எரியுது எனக்கு.

வண்டி ஓட்டுற வெள்ளையம்மா அச்சுக்குப் போட ஒரு கலயம் விளக்கெண்ணெய் வாங்குனா. அவ்ளோதான். மாசக் கடைசியில கணக்குல அவ பேர்ல பட்டுச்சேலையும் சேர்ந்து ஏறியிருந்துச்சு. வாங்கவே இல்லைன்னு சொல்லிப் பாத்தா. கணக்கைத் தண்டோராவுல படிச்ச ஒரு வாரத்துக்குள்ள வந்து மறுக்கலைன்னா வாங்குனதாத்தான் அர்த்தம், அதான் தண்டோரா போட்டாச்சேன்னு சொல்லி, அம்பலவாணர் ஆளுங்க அவளோட ஒத்தை மாட்டை அவுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த மாடு இல்லாட்டி வீட்டுல உலை ஏறாது.

நேரா சபைக்குள்ள வந்து அம்பலவாணர் முன்னாடி நின்னா. "தண்டோரா கேட்டேன்யா. டமடமன்னு முரசுதான் கேட்டுச்சு. உன் ஆளு வாய் அசைஞ்சுது, பேச்சு ஒண்ணும் கேக்கல."

ராஜா கொட்டாவி விட்டாரு. தண்டோரா போட்டா சட்டம், பாட்டன் காலத்து வழக்கம், நான் என்ன பண்றதுன்னுட்டாரு. அம்பலவாணர் சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு.

மந்திரி குழந்தையப்பர் எழுந்து, தானும் ஒரு தண்டோரா போடணும்னு உத்தரவு கேட்டாரு. முரசுக்காரன் வெளுத்து வாங்க, மந்திரி ஏதோ படிச்சாரு. ராஜா பழக்கதோஷத்துல தலையாட்டினாரு. அம்பலவாணர் சபையில எல்லாருக்கும் முந்தி ஆட்டினாரு.

"முடிஞ்சுது. அம்பலவாணரோட மாளிகை இனிமே இந்தம்மா மாட்டுக்குத் தொழுவம். மறுக்குற நேரம் முரசு நின்னப்பவே தீர்ந்துபோச்சு"ன்னாரு மந்திரி.

"மகாராஜா, என் காதுல ஒரு சொல்லும் விழல"ன்னு அம்பலவாணர் பதறினாரு.

"பக்கத்துல உக்காந்திருக்குற உமக்கே விழலைன்னா, தெருவுல நின்ன அவளுக்கு எப்படிய்யா விழுந்திருக்கும்?"ன்னாரு மந்திரி.

சிரிக்க ஆரம்பிச்ச ராஜா பாதியில நிறுத்திட்டாரு. தானும் ஆட்டினது ஞாபகம் வந்துருச்சு. நான் எதுக்கு ஆட்டினேன்னு மந்திரியைக் கேட்டாரு.

"மாட்டை நீங்களே கையால பிடிச்சு வந்து ஒப்படைக்க."

ராஜாவுக்கு மூஞ்சி செவந்துச்சு. ஆனாலும் அம்பலவாணர் கொட்டிலுக்கே போய் பிடிச்சுட்டு வந்தாரு. அம்பலவாணர் பதவியைப் பறிச்சு, மந்திரிக்கு மோதிரம் போட்டாரு.

வெள்ளையம்மா கயித்தை வாங்கிக்கிட்டா, கும்பிடல. "அங்க கட்டிக் கிடக்குற மத்த மாடெல்லாம் யாரு வீட்டுதுன்னு கேட்டீங்களா, ராஜா?"

கேக்கல. அப்புறம் கேட்டாரு. பொய்க் கணக்குல பிடிச்ச ஒவ்வொரு மாட்டையும் அம்பலவாணரே வாசல் வாசலா கொண்டு போய், செஞ்ச திருட்டை வாயால சொல்லிட்டுத்தான் விடணும்னு உத்தரவு போட்டாரு.

முதல் வாசல்ல அம்பலவாணர் முணுமுணுத்தாரு.

பின்னாடியே வந்த வெள்ளையம்மா சொன்னா, "கேக்கல. சத்தமா."